மலைமேல் சாவி, சமவெளியில் பூட்டு

சேலம் மாநகருக்கு வடக்கே எழுந்து நிற்கிறது சேர்வராயன் மலை. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இவ்வூருக்குக் காப்பிப் பயிர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்தது. அந்நாளில் தோட்டத்துக்காரர் ஒருவர் சமவெளியில் வைத்திருந்த இரும்புப் பெட்டியைத் திறக்க விரும்பினால், ஒன்று தாமே குதிரையேறி இறங்க வேண்டும். அல்லது நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்தனுப்ப வேண்டும். சாவி வழியில் தொலைந்தாலும், போகிற வழியில் எவரேனும் மெழுகில் அதன் அச்சை எடுத்துக்கொண்டாலும் பெட்டி பறிபோனது போலத்தான்.

இன்று நான் இம்மலையில் குடியிருந்துகொண்டே, சமவெளியிலுள்ள கணினிகளைப் பராமரிக்கும் தொழிலைச் செய்து வருகிறேன். என்னைப் போன்றவர்கள் நாள்தோறும் தொலைவிலிருந்தே பெட்டிகளைத் திறக்கிறார்கள், மூடுகிறார்கள், பழுது பார்க்கிறார்கள். 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலையொட்டிப் பெய்த பெருமழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டது. அத்தகைய நாட்களில் சாலை மூடியிருந்தாலும், கம்பியோ அலையோ உயிரோடிருந்தால் வேலை நடக்கும். ஆனால் பழைய கேள்வி மட்டும் மாறவில்லை: சாவி வழியில் களவு போகாமல் பூட்டைத் திறப்பது எப்படி? மாணவ நண்பர்களே, இக்கேள்விக்கு அறிவியல் கண்ட விடையைத்தான் இப்பொழுது உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில் பெட்டி எது என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். பல பேருக்கு ஒரே நேரத்தில் பணி செய்யும் கணினியைச் சர்வர் என்கிறோம்; தமிழில் வழங்கி என்பர். நீங்கள் தேர்வு முடிவைப் பார்க்கும்போதும், ரயிலுக்கு இடம் பதிவு செய்யும்போதும், எங்கோ ஓர் அறையில் இருக்கும் வழங்கியே உங்களுக்கு விடையளிக்கிறது. அதனைக் காப்பவர் நிர்வாகி. சாதாரணப் பயனாளர் தம் கோப்பை மட்டுமே தொடலாம். நிர்வாகியோ எல்லார் கோப்பையும் தொடலாம், அழிக்கலாம், புதிய பயனாளரைச் சேர்க்கலாம், பதிவேட்டையே திருத்தவும் செய்யலாம். லினக்ஸ் இனத்துக் கணினிகளில் இந்த முழு அதிகாரத்துக்கு ரூட் என்று பெயர். ரூட் அதிகாரம் தீயவர் கைக்குப் போனால், ஒரு பள்ளியின் மதிப்பெண்களும், ஒரு மருத்துவமனையின் நோயாளர் குறிப்புகளும், ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கடன் கணக்குகளும் அவர் விருப்பத்துக்கு உட்பட்டவையாகிவிடும். நிர்வாகி நுழையும் வாயில் சிறியது. ஆயினும் அதன் பின்னால் இருப்பது பிறருடைய வாழ்க்கை.

தொலைவிலிருந்து கணினியை இயக்கும் ஆசை புதியதன்று. அர்ப்பாநெட் என்னும் வலையமைப்பு 1969ஆம் ஆண்டில் தோன்றியபோதே டெல்நெட் என்ற முறையும் உடன் தோன்றியது. ஓரிடத்தில் தட்டெழுதியது மற்றோரிடத்துக் கணினிக்குச் சென்று சேரும். அதன் விடை திரும்பி வரும். அம்முறையில் ஒரு குறை இருந்தது. நிர்வாகி தட்டெழுதிய கடவுச்சொல் எந்த மறைப்புமின்றி, எழுத்து எழுத்தாக அப்படியே பயணம் செய்தது. அஞ்சலட்டையில் எழுதிய செய்தியைப் போன்றது அது. ஏற்காட்டுத் தபால் நிலையத்தில் அட்டையைப் பையில் போடுகிறவர் முதல், சேலத்தில் வீடு வீடாய்க் கொடுக்கிறவர் வரை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஒருவரையொருவர் அறிந்த சில ஆராய்ச்சியாளர்களே வலையமைப்பில் இருந்த காலத்தில் இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. உலகமெல்லாம் உள்ளே வந்தபின் தோன்றியது.

1995ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில், கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுச் சேகரிக்கும் கள்ள நிரல் ஒன்று பிடிபட்டது. ஆயிரக்கணக்கான பெயர்களும் கடவுச்சொற்களும் அதன் பையில் இருந்தன. அங்கு ஆராய்ச்சியாளராயிருந்த டாட்டு யுலோனென் இதைக் கண்டு வருந்தியதோடு நிற்கவில்லை. சில மாதங்களில் ஒரு புதிய முறையை வகுத்து, அவ்வாண்டு ஜூலையில் யாவர்க்கும் இலவசமாக வெளியிட்டார். அதன் பெயர் செக்யூர் ஷெல், சுருக்கமாக எஸ்.எஸ்.எச். வலையமைப்பில் ஒவ்வொரு சேவைக்கும் ஓர் எண்ணுடைய வாயில் உண்டு. கோப்புகளை அனுப்பும் எஃப்.டி.பி.க்கு 21, டெல்நெட்டுக்கு 23. இவ்விரண்டுக்கும் மாற்றாக வரக் கருதிய தம் படைப்புக்கு நடுவிலிருந்த 22ஐத் தரும்படி அவர் விண்ணப்பித்தார், மறுநாளே கிடைத்துவிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் 50 நாடுகளில் ஏறத்தாழ 20,000 பேர் அதைப் பயன்படுத்தலாயினர். நம் நாட்டில் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியதும் அதே 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாளில்தான். பின்னர் 1999ஆம் ஆண்டில் ஓப்பன் பி.எஸ்.டி. குழுவினர் ஓப்பன் எஸ்.எஸ்.எச். என்ற திறந்த நிரலை வெளியிட்டனர். இன்று உலகின் பெரும்பாலான வழங்கிகளில் காவல் புரிவது அதுவே.

இம்முறை எவ்வாறு வேலை செய்கிறது? மூன்று கேள்விகளாகப் பிரித்துக்கொண்டால் எளிதில் விளங்கும். பேசுவது பிறர் காதில் விழாமல் இருப்பது எப்படி? எதிரே இருப்பது உண்மையான வழங்கிதானா? வந்திருப்பவர் உண்மையான நிர்வாகிதானா?

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். செய்தியை மறைகுறியாக மாற்றி அனுப்ப வேண்டுமானால் இரு தரப்பாருக்கும் பொதுவான இரகசிய எண் ஒன்று வேண்டும். முன்பின் சந்தித்திராத இருவர், பிறர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவ்வெண்ணை எப்படி முடிவு செய்வது? இயலாது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1976ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான விட்ஃபீல்டு டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் இயலும் என்று வெளியிட்டுக் காட்டினர்.

நீங்களும் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு செய்து பாருங்கள். 23, 5 என்ற இரு எண்களை ஊரறியச் சொல்லிவிடுவோம். ஏற்காட்டில் இருக்கும் நான் 6 என்ற எண்ணை மனத்துக்குள் வைத்துக்கொள்கிறேன். சேலத்திலுள்ள வழங்கி 3 என்ற எண்ணைத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. நான் 5ஐ ஆறு முறை வைத்துப் பெருக்குகிறேன், 15,625 வருகிறது. அதை 23ஆல் வகுத்தால் மீதி 8. இந்த 8ஐ மட்டும் அனுப்புகிறேன். வழங்கி 5ஐ மூன்று முறை வைத்துப் பெருக்குகிறது, 125. அதை 23ஆல் வகுத்த மீதி 10. அந்த 10 எனக்கு வருகிறது. இனி, வந்த 10ஐ நான் ஆறு முறை வைத்துப் பெருக்கினால் பத்து இலட்சம். அதை 23ஆல் வகுத்தால் மீதி 6. வழங்கியோ தனக்கு வந்த 8ஐ மூன்று முறை வைத்துப் பெருக்குகிறது, 512. அதன் மீதியும் 6! இருவர் கையிலும் இப்பொழுது ஒரே எண் இருக்கிறது. நான் மனத்தில் வைத்திருந்த எண்ணும் 6ஆக இருப்பது தற்செயலே. வேறு எண்ணை எடுத்தும் செய்து பார்க்கலாம்.

வழியில் நின்று கேட்டவன் காதில் விழுந்தவை 23, 5, 8, 10 ஆகிய நான்கு எண்களே. இத்துணைச் சிறிய எண்களானால் அவனும் ஒவ்வொன்றாய் முயன்று கண்டுபிடித்துவிடுவான். ஆனால் 23க்குப் பதிலாக 617 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணை எடுத்துக்கொண்டால்? பெருக்கி மீதி காண்பது கணினிக்கு நொடிப்பொழுதின் வேலை. மீதியிலிருந்து பின்னோக்கிச் சென்று, எத்தனை முறை பெருக்கப்பட்டது என்று காண்பதோ இன்றைய கணினிகளுக்கு எட்டாத வேலை. மலைச்சரிவில் உருட்டிவிட்ட கல் கீழே வருவதற்கும், அதை மீண்டும் உச்சிக்கு ஏற்றுவதற்கும் உள்ள வேறுபாடு இது. இக்காலத்தில் இதே கருத்தை நீள்வட்ட வளைவுகள் என்னும் வேறொரு கணிதத்தின் துணையால் இன்னும் விரைவாகச் செய்கிறார்கள். குவான்டம் கணினிகள் வருமாயின் அவற்றையும் தாங்கத்தக்க ஒரு முறை, 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த ஓப்பன் எஸ்.எஸ்.எச். 9.0 பதிப்பு முதல், கேளாமலே பயன்படும்படி சேர்க்கப்பட்டிருக்கிறது.

இரண்டாம் கேள்வி இதைவிட நுட்பமானது. நான் எண்களைப் பரிமாறிக்கொண்டது வழங்கியோடுதானா? பதினோராவது வளைவில் ஒரு கள்வன் நின்றுகொண்டு, என்னிடம் தன்னை வழங்கியென்றும், வழங்கியிடம் தன்னை நானென்றும் சொல்லிக்கொண்டால்? இருபுறமும் தனித்தனியே இரகசிய எண் முடிவு செய்துகொண்டு, நடுவில் நின்று எல்லாவற்றையும் படித்துவிடுவான். ஆகவே, இரகசியமாகப் பேசினால் மட்டும் போதாது. யாரோடு பேசுகிறோம் என்பதும் தெரிய வேண்டும்.

இதற்காக ஒவ்வொரு வழங்கிக்கும் ஒரு திறவுகோல் இணை அளிக்கப்பட்டுள்ளது. ஒன்று பொதுத் திறவுகோல், எவரும் பார்க்கலாம். மற்றொன்று தனித் திறவுகோல்; வழங்கியை விட்டு அது வெளியேறாது. தனித் திறவுகோலால் இட்ட கையொப்பத்தைப் பொதுத் திறவுகோலால் சரிபார்க்கலாம். ஆனால் பொதுத் திறவுகோலை வைத்துக்கொண்டு அக்கையொப்பத்தை யாரும் இட முடியாது. முதன்முறை தொடர்பு கொள்ளும்போது வழங்கியின் பொதுத் திறவுகோலுக்குரிய சுருக்கக் குறி ஒன்று திரையில் தோன்றும். கைரேகை என்று அதனைச் சொல்வார்கள். ‘இதை நம்பலாமா?’ என்று கணினி கேட்கும். பெரும்பாலோர் படித்துப் பாராமலே ‘ஆம்’ என்று தட்டிவிடுகிறார்கள். வழங்கிக்கு அருகில் இருப்பவரைத் தொலைபேசியில் அழைத்து, கைரேகையை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை. ஒருமுறை ஒப்புக்கொண்டபின் கணினி அதை நினைவில் வைத்துக்கொள்ளும். பிறிதொரு நாள் வேறொரு கைரேகை தோன்றினால் உரத்த எச்சரிக்கை ஒன்றைக் காட்டித் தொடர்பை நிறுத்திவிடும். வழங்கியைப் புதிதாக நிறுவியிருந்தாலும் இவ்வெச்சரிக்கை வரும். வளைவில் கள்வன் நின்றாலும் வரும். எது காரணம் என்று விசாரித்து அறியுமுன், பழைய பதிவை அழித்துவிட்டு உள்ளே போகிறவர், நாய் குரைக்கிறதென்று நாயைக் கட்டிப்போடுகிறவருக்கு ஒப்பாவார்.

மூன்றாம் கேள்விக்கு வருவோம். வழங்கி நம்மை எவ்வாறு அறிந்துகொள்ளும்? கடவுச்சொல்லைக் கொண்டு அறியலாம். எஸ்.எஸ்.எச். வழியே போகும் கடவுச்சொல் மறைகுறியாகத்தான் பயணம் செய்கிறது. ஆயினும் போய்ச் சேரும் இடத்தில் அது வெளிப்பட்டே ஆக வேண்டும். அவ்விடம் ஏற்கெனவே கள்வர் வசமாகியிருந்தால் கடவுச்சொல்லும் அவர்களுடையதே. மேலும், மனிதர் நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய சொல் பெரும்பாலும் பிறர் ஊகிக்கக்கூடிய சொல்லாகவே இருக்கும்.

என் பொறுப்பிலுள்ள வழங்கி ஒன்றின் பதிவேட்டை நான் காலைதோறும் படிப்பதுண்டு. உலகப் புகழ் பெற்ற நிறுவனம் எதற்கும் உரியதன்று அது, மிகச் சிறியது. ஆயினும் இரவு முழுவதும் முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து யாரோ கதவைத் தட்டியிருப்பார்கள். ரூட், அட்மின், டெஸ்ட் என்று பெயர்களை மாற்றி மாற்றிச் சொல்லி, கடவுச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக முயன்றிருப்பார்கள். என்னிடம் அவர்களுக்குப் பகை ஒன்றுமில்லை. தட்டுகிறவை மனிதக் கைகளே அல்ல. கிடைத்த வாயிலையெல்லாம் தட்டிப் பார்க்கும்படி ஏவிவிடப்பட்ட நிரல்கள். ‘நம் வழங்கி சிறியது, இதை யார் தேடி வருவார்கள்?’ என்று எண்ணுவோருக்கு அப்பதிவேடே மறுமொழி.

ஆகவே நிர்வாகிகள் இப்பொழுது தமக்கும் ஒரு திறவுகோல் இணையை உண்டாக்கிக்கொள்கிறார்கள். பொதுத் திறவுகோலை வழங்கியில் பூட்டுப் போல் மாட்டிவிடுகிறார்கள். தனித் திறவுகோல் தம் கணினியிலேயே தங்கியிருக்கும். உள்ளே நுழைய விரும்பும்போது, முன்பு நாம் கண்ட இரகசிய எண்ணிலிருந்து பிறந்த அடையாளக் குறி ஒன்றுக்குத் தனித் திறவுகோல் கையொப்பமிடுகிறது. அக்கையொப்பம் மட்டுமே வழங்கிக்குச் செல்கிறது. வழங்கி தன்னிடமுள்ள பொதுத் திறவுகோலால் சரிபார்த்து வழிவிடுகிறது. ஒவ்வொரு தொடர்பிலும் அடையாளக் குறி புதிதாகையால், இன்றைய கையொப்பத்தை எவரேனும் பிடித்து வைத்திருந்தாலும் நாளைக்கு உதவாது. குதிரையேறிச் சென்ற ஆளின் பையில் சாவி இருந்தது. இங்கோ சாவி மலையை விட்டு இறங்குவதே இல்லை. ‘சாவி என்னிடம் இருக்கிறது’ என்பதற்கான சான்று மட்டும் இறங்குகிறது. இரகசியம் பயணம் செய்யாதிருப்பதே இரகசியத்துக்குக் காவல் என்பதுதான் இம்முறையின் சாரம்.

சாவியைக் காப்பது அதனால் நம் கடமையாகிறது. தனித் திறவுகோலையும் ஒரு நீண்ட மறைச்சொற்றொடரால் பூட்டி வைக்க வேண்டும். கணினியே களவு போனாலும் அப்பொழுது சாவி உடனே பயன்படாது. அதை மின்னஞ்சலில் அனுப்புவதோ, நண்பருக்குக் கொடுப்பதோ கூடாது. ஒருவருக்கு ஒரு பெயர், ஒரு சாவி என்று இருந்தால்தான் பதிவேட்டில் யார் என்ன செய்தார் என்பது தெரியும். பணியை விட்டு விலகியவரின் பொதுத் திறவுகோலை அன்றே நீக்கிவிட வேண்டும். ரூட் என்ற பெயரில் நேராக நுழைவதைத் தடுத்து, சொந்தப் பெயரில் நுழைந்து, தேவையான பணிக்கு மட்டும் உயர்ந்த அதிகாரத்தைக் கேட்டுப் பெறும்படி செய்ய வேண்டும். திறவுகோல்கள் ஒழுங்காக வேலை செய்வதைச் சோதித்தறிந்தபின் கடவுச்சொல் வழியை மூடிவிடலாம்.

வாயிற்காவல் எவ்வளவு சிறப்பாயிருந்தாலும் உள்ளே அறைகளுக்கு இடையே சுவர் வேண்டும். நம் மாநிலத்துக் கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பற்றி 2019ஆம் ஆண்டில் எழுந்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கலாம். தன் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்திருந்தது உண்மையே என்று இந்திய அணுமின் கழகம் அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள் அறிவித்தது. அக்கணினி நிர்வாகப் பணிக்கென இணையத்தோடு இணைக்கப்பட்டிருந்த வலையமைப்பைச் சேர்ந்தது; முக்கியமான உள் வலையமைப்பு அதனின்றும் பிரிக்கப்பட்டிருந்தது என்றும் கழகம் விளக்கியது. இதற்கு மாறான அனுபவம் 2022ஆம் ஆண்டு நவம்பரில் டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் நேர்ந்தது. ஐந்து வழங்கிகள் தாக்குண்டன, ஏறத்தாழ 1.3 டெராபைட் அளவுள்ள தரவு படிக்க முடியாதபடி பூட்டப்பட்டது. நோயாளர் பதிவு முதலிய வேலைகளைப் பல நாட்கள் கையால் எழுதிச் செய்ய வேண்டியதாயிற்று. வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாதிருந்ததைக் காரணமாக அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் எடுத்துக் கூறியது. இந்தியக் கணினி அவசரநிலைக் குழு 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் இட்ட ஆணையின்படி, இத்தகைய நிகழ்ச்சியை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாட்கள் காத்து வைக்க வேண்டும்.

பூட்டைச் செய்தவரையே ஏமாற்றப் பார்த்த ஒரு முயற்சியையும் சொல்லியாக வேண்டும். கோப்புகளைச் சுருக்குவதற்கான எக்ஸ்.இசட். என்ற சிறு நிரல், லினக்ஸ் கணினிகள் பலவற்றில் உள்ளது. ஊதியமின்றித் தன்னார்வத்தால் ஒருவர் அதைப் பராமரித்து வந்தார். புனைபெயரில் வந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக உதவி செய்து, அவர் நம்பிக்கையைப் பெற்று, பராமரிக்கும் உரிமையையும் அடைந்தார். பின்னர் 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வெளியான 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளுக்குள் ஒரு கள்ள வழியை ஒளித்து வைத்தார். சில வகை லினக்ஸ் அமைப்புகளில் எஸ்.எஸ்.எச். காவல் நிரல் இச்சிறு நிரலின் துணையையும் மறைமுகமாக நாடுவதுண்டு. அவ்வழியாகத் தம்மிடமிருந்த ஒரு தனித் திறவுகோலால் பிறர் வழங்கிகளுக்குள் புகுவதே அவர் திட்டம்.

இதைக் கண்டுபிடித்தவர் காவல்துறையினர் அல்லர். ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் வேறொரு சோதனையைச் செய்துகொண்டிருந்தார். எஸ்.எஸ்.எச். வழியே நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவது அவர் கருத்தில் பட்டது. அரை நொடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை. காரணத்தைத் தோண்டித் தோண்டிச் சென்று கள்ள வழியைக் கண்டு, 2024ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள் உலகறிய வெளியிட்டார். அப்பதிப்புகள் பெரும்பாலான வழங்கிகளுக்குப் பரவுமுன்னரே விலக்கப்பட்டன.

மாணவர்களே, இங்கு நாம் கண்ட கணிதம் வலிமை வாய்ந்தது. 617 இலக்கங்களை எவரும் எளிதில் உடைத்துவிட முடியாது. உடைபடுவது பெரும்பாலும் அக்கணிதத்தைச் சுற்றியுள்ள மனிதப் பழக்கமே: படியாமல் தட்டிய ‘ஆம்’, நண்பருக்குக் கொடுத்த சாவி, விலகியவரின் பெயரை நீக்காத சோம்பல், யாரும் உதவ முன்வராமல் ஒரே தன்னார்வலர் தோளில் விடப்பட்ட சுமை. காப்பதும் மனிதப் பழக்கமே. அரை நொடித் தாமதத்துக்குக் காரணம் கேட்ட அந்தப் பொறியாளரின் கவனத்தை எந்த இயந்திரமும் அவருக்குக் கொடுக்கவில்லை.

உங்களில் பலர் நாளை ஏதேனும் ஒரு வழங்கியின் நிர்வாகியாக அமர்வீர்கள். ஓர் ஊராட்சியின் கணக்கோ, ஒரு மருத்துவமனையின் குறிப்போ உங்கள் பொறுப்பில் இருக்கும். அவற்றுக்கு உரியவர்கள் உங்களைப் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் பெயரும் அவர்களுக்குத் தெரியாது. சேர்வராயன் மலையின் சிற்றூரில் மருந்துச் சீட்டோடு நிற்கும் ஒரு மலையாளிப் பழங்குடித் தாய்க்கு எஸ்.எஸ்.எச். என்றால் என்னவென்று தெரிந்திருக்கத் தேவையில்லை. தம் குழந்தையின் குறிப்பு வேண்டியபோது கிடைக்கும் என்றும், வேண்டாதவர் கையில் சேராது என்றும் அவர் நம்பினால் போதும். அந்த நம்பிக்கையின் சாவி உங்களிடம் ஒப்படைக்கப்படும் நாளில், அதை எங்கும் அனுப்பாமல் கையிலேயே வைத்துக் காப்பீர்களாக.